மஸ்டாங் ஜிடி எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர்: இரட்டை உருளியா, மையவிலக்கா, எதுவுமே வேண்டாமா?

ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் 5.0 லிட்டர் வி8 எஞ்சினுக்குச் சூப்பர்சார்ஜர் (பெல்ட் வழியாக எஞ்சினால் சுழன்று, காற்றை அழுத்தி அதற்குள் தள்ளும் கருவி) பொருத்தலாமா, பொருத்துவதானால் எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது என்று அண்மையில் இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ஒருவர் டாலஸ் நகரில் இருக்கிறார். 2019ஆம் ஆண்டின் ஆட்டோமேட்டிக் காரை அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டிச் செல்கிறார். மற்றவர் சான் ஹோசேயில் 2016ஆம் ஆண்டின் கைக்கியர் காரை வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை வளைவுகள் நிறைந்த பந்தயத் தடத்துக்குக் கொண்டு போகிறார். இருவரும் தேடிப் பார்த்தபோது கண்ணில் பட்டவை எல்லாம் 700, 750, 800 என்ற குதிரைத்திறன் எண்கள்தான். அந்த எண், சூடேறாத எஞ்சினிலிருந்து, ஒரே ஒரு சுழல்வேகத்தில், சில நொடிகள் மட்டும் எடுக்கப்பட்ட அளவு. கார் உங்களிடம் இருக்கப்போவதோ பல ஆண்டுகள். உச்ச எண்ணை வைத்து முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான கருவியை வாங்குகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதனால்தான் இந்த ஒப்பீட்டை விரிவாக எழுதுகிறேன்.

கயோட்டி என்று அழைக்கப்படும் இந்த எஞ்சின் 2011ஆம் ஆண்டு மாடலில் 412 குதிரைத்திறனோடு வந்தது. 2015இல் அது 435 ஆனது. 2018இல் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் மடங்கு) 11.0:1 என்பதிலிருந்து 12.0:1 ஆக உயர்ந்து, சிலிண்டருக்குள் நேரடியாகவும் வால்வுக்கு முன்பும் என இரண்டு இடங்களில் எரிபொருள் தெளிக்கும் அமைப்போடு 460 குதிரைத்திறனை எட்டியது. சிவப்புக் கோடும், அதாவது எஞ்சின் சுழலத்தக்க உச்ச வேகமும், நிமிடத்துக்கு 7,500 சுற்றுகளுக்குப் போனது. இது இயல்பாகவே நன்றாக மூச்சு விடும் எஞ்சின். அதிக அமுக்க விகிதமும் அதிகச் சுழல்வேகமும் அதன் வலிமைகள். சூப்பர்சார்ஜர் பொருத்தியதும் அதே இரண்டு பண்புகளும் கவனமாகக் கையாள வேண்டிய ஆபத்துகளாக மாறிவிடுகின்றன.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கூடுதல் விசை எந்தச் சுழல்வேகத்தில் கிடைக்கிறது என்பது. நகரச் சாலையில் எஞ்சின் பெரும்பாலும் 1,500க்கும் 3,500க்கும் இடையில்தான் சுழல்கிறது. பந்தயத் தடத்திலோ அது 5,000க்குக் கீழே இறங்குவது அரிது. ஒரே உச்சத் திறன் கொண்ட இரண்டு கருவிகள் இந்த இரு இடங்களிலும் முற்றிலும் வேறு வேறு கார்களைப் போல நடந்துகொள்ளும்.

இரண்டாவது அளவுகோல் வெப்பம். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது என்பதால் இதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம். காற்றை அழுத்தினால் அது சூடாகும். இதிலிருந்து எந்த வடிவமைப்பும் தப்ப முடியாது. டெக்சஸ் கோடையில் 35 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை 9 பிஎஸ்ஐ பூஸ்ட்டுக்கு (வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான கூடுதல் அழுத்தமே பூஸ்ட்; பிஎஸ்ஐ என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 1.6 மடங்காக, அழுத்துவதாகக் கொள்வோம். இழப்பே இல்லாத கற்பனைக் கருவியிலும் காற்றின் வெப்பம் 44 டிகிரி ஏறும். கருவியின் செயல்திறன் 75 விழுக்காடாக இருந்தால் வெளியேறும் காற்று 94 டிகிரியில் இருக்கும். 60 விழுக்காடாக இருந்தால் 109 டிகிரியைத் தொடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதோடு, 12:1 விகிதத்தில் மறுபடியும் அமுக்கப்படும்போது தீப்பொறி முடிந்து சுடர் பரவுவதற்கு முன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நாக்கிங்குக்கும் அது வழி திறக்கிறது. எஞ்சின் கணினி இதை உணர்ந்ததும் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும்; நீங்கள் காசு கொடுத்து வாங்கிய திறன் அந்த இடத்தில் சத்தமில்லாமல் கரைந்துபோகும். ஆகவே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேட்பதற்கு முன், அந்தக் காற்றை எப்படிக் குளிர்விக்கிறது, தொடர்ந்து எத்தனை நிமிடம் குளிர்விக்க முடிகிறது என்று கேட்க வேண்டும்.

அழுத்தும் வேலைக்கான ஆற்றலும் எஞ்சினிடமிருந்தே பெல்ட் வழியாக எடுக்கப்படுகிறது. 7,500 சுற்றுகளில் இந்த எஞ்சின் மேற்சொன்ன பூஸ்ட்டில் வினாடிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான காற்றை விழுங்கும். அதன் வெப்பத்தை 70 டிகிரி ஏற்றுவதற்கு மட்டுமே சுமார் 50 குதிரைத்திறன் செலவாகிறது. அந்தத் திறனையும் சிலிண்டர்களே உண்டாக்கியாக வேண்டும். சக்கரத்தில் அளக்கும் எண் சொல்வதைவிட உள்ளே பிஸ்டனும், அதைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் அதிகமாகவே உழைக்கின்றன.

அடுத்தது, கூடுதல் விசைக்கு முதலில் பணிந்துபோகும் பாகம் எது என்பது: ராடா, கிளட்ச்சா, எண்ணெய்ப் பம்பா, டயரா. இவை தவிர உங்கள் ஊரில் கிடைக்கும் பெட்ரோலின் ஆக்டேன் அளவு (நாக்கிங்கை எதிர்க்கும் திறன்), மாநிலத்தின் மாசுக்கட்டுப்பாட்டு விதி, வாரண்டி, வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விலையைக் கடைசியில் வைக்கிறேன். பெயர் பெற்ற சூப்பர்சார்ஜர் தொகுப்புகள் (கிட்) எல்லாம் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 டாலர் என்ற ஒரே வட்டத்துக்குள் இருப்பதால், அந்த எண் முடிவைத் தீர்மானிப்பதில்லை. அதைச் சுற்றி வரும் செலவுகளே தீர்மானிக்கின்றன.

## இரட்டை உருளி வகை: ரூட்ஸும் திருகும்

எஞ்சினின் வி வடிவப் பள்ளத்தில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே அமரும் வகை இது. இரண்டு உருளிகள் ஒன்றோடொன்று பின்னிச் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் குறிப்பிட்ட கனஅளவு காற்றைத் தள்ளும். இதில் இரண்டு குலங்கள் உண்டு. இண்டியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் ஊரைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி முதலாவது. ஈட்டன் நிறுவனத்தின் டிவிஎஸ் வரிசை அதன் இன்றைய வடிவம். நான்கு இதழ்கள் கொண்ட அதன் உருளிகள் 160 டிகிரி முறுக்கப்பட்டிருப்பதால், பழைய ரூட்ஸ் கருவிகளின் சத்தமும் வெப்பமும் பெருமளவு குறைந்துவிட்டன. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் லிஷோல்ம் 1930களில் உருவாக்கிய இரட்டைத் திருகு இரண்டாவது. விப்பிள் நிறுவனத்தின் கருவிகள் இந்தக் குலத்தைச் சேர்ந்தவை. ரூட்ஸ் வகை காற்றைக் கடத்தி மட்டும் விடுகிறது, அழுத்தம் வெளியே மேனிஃபோல்டில்தான் உண்டாகிறது. திருகு வகையில் காற்று உருளிகளுக்கு இடையிலேயே படிப்படியாக அமுக்கப்படுகிறது. உயர்ந்த பூஸ்ட்டில் திருகு வகை குளிர்ச்சியாக இருக்கும். மிதமான பூஸ்ட்டில் இன்றைய டிவிஎஸ் அதற்குச் சளைத்ததல்ல. 8 முதல் 12 பிஎஸ்ஐ வரையிலான சாலைக் காருக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி உறக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

இந்த வகையின் பெரிய இன்பம், வலது காலை லேசாக அழுத்தியதும் 2,000 சுற்றுகளிலேயே ஏறத்தாழ முழு பூஸ்ட்டும் வந்துவிடுவது. 5 லிட்டர் எஞ்சின் 8 லிட்டர் எஞ்சினைப் போல நடந்துகொள்ளும். 10 வேக ஆட்டோமேட்டிக் கியரோடு சேரும்போது சாலையில் முந்திச் செல்வது சிரமமற்றதாகிவிடுகிறது. ரௌஷ் நிறுவனத்தின் 2018க்குப் பிந்தைய இரண்டாம் கட்டத் தொகுப்பு 2.65 லிட்டர் டிவிஎஸ் கருவியோடு 750 குதிரைத்திறன் என்று குறிக்கப்படுகிறது. அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் பொருத்தினால் 3 ஆண்டு அல்லது 36,000 மைல் வரை தனி வாரண்டியும் உண்டு. ஆலையின் வாரண்டியைப் பற்றிய கவலையோடு இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

இதன் குறைகள் அந்த இன்பத்தின் மறுபக்கமே. தாழ்ந்த சுழல்வேகத்தில் பெரிய முறுக்குவிசை என்றால், பிஸ்டன் மெதுவாக இறங்கும்போது அதன் மேல் நீண்ட நேரம் பெரிய அழுத்தம் நிற்கிறது என்று பொருள். கனெக்டிங் ராடை வளைப்பது பெரும்பாலும் முறுக்குவிசைதான். சுழல்வேகம் ராடு போல்ட்டை இழுத்துச் சோதிக்கிறது, முறுக்குவிசை ராடையே நெரிக்கிறது. இரண்டாவதாக, கருவி சூடான எஞ்சினின் நடுவில் அமர்ந்திருக்கிறது. அதற்கு அடியில், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு நீர்ச் சுற்று ஒன்றும், முன்பக்கத்தில் தனி ரேடியேட்டர் ஒன்றும் வேண்டும். அந்த நீர் முதல் இரண்டு மூன்று முழு முடுக்கங்களைச் சிறப்பாகத் தாங்கும். பிறகு வெப்பம் ஊறத் தொடங்கினால், கார் ஓடிக்கொண்டே இருக்கும் வரை அது முழுதாக இறங்குவதில்லை. முன்னே வைத்த அந்த ரேடியேட்டர், எஞ்சின் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் போகும் காற்றைச் சூடாக்கிவிட்டு அனுப்புகிறது என்பதையும் மறக்கக் கூடாது. மூன்றாவதாக, இலேசான பிளாஸ்டிக் மேனிஃபோல்டு இருந்த இடத்தில் உலோகக் கருவி வருவதால் முன் அச்சின் மேல், அதுவும் உயரமான இடத்தில், ஏறத்தாழ 50 கிலோ கூடுகிறது. சாலையில் இதை உணர மாட்டீர்கள், வளைவில் உணர்வீர்கள்.

## மையவிலக்கு வகை

வெளியிலிருந்து பார்த்தால் டர்போவைப் போன்ற நத்தை ஓடு. ஆனால் அதைச் சுழற்றுவது பெல்ட். உள்ளே உள்ள பற்சக்கரங்கள் சுழல்வேகத்தைப் பல மடங்கு பெருக்கி, தூண்டியை (காற்றை வீசித் தள்ளும் இறகுச் சக்கரத்தை) நிமிடத்துக்கு 50,000 சுற்றுகளுக்கு மேல் சுழற்றுகின்றன. புரோசார்ஜர், வோர்டெக் ஆகிய இரண்டும் இந்த வகையில் நீண்ட காலமாக அறியப்பட்ட பெயர்கள். காற்றை நேரடியாகக் காற்றாலேயே குளிர்விக்கும் இன்டர்கூலரை முன்பக்கத்தில் வைப்பது இதற்கு எளிது. நீரும் பம்பும் தேவையில்லை.

இந்த வகையின் இயல்பை ஒரே விதி விளக்கிவிடும்: பூஸ்ட் ஏறத்தாழ சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. 7,000 சுற்றுகளில் 9 பிஎஸ்ஐ தரும் கருவி, 5,000 சுற்றுகளில் அதில் பாதியையும், 3,500இல் இரண்டே இரண்டு பிஎஸ்ஐயையும் தருகிறது. நகரத்தில் உங்கள் கார் பழைய காராகவே இருக்கும். எஞ்சினை மேலே கொண்டு போனால்தான் புதிய கார் வெளிவரும். அன்றாட ஓட்டத்துக்கு இது ஏமாற்றமளிக்கலாம். ஆனால் ராடுகளுக்கும் கிளட்ச்சுக்கும் பின் டயர்களுக்கும் இது கருணையானது, ஏனெனில் அவை தாங்க முடியாத இடத்தில் விசை வருவதில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது வலது காலால் விசையை அளந்து கொடுப்பதும் எளிது. இரட்டை உருளி வகை அந்த இடத்தில் பின்சக்கரங்களை வழுக்கச் செய்துவிடும்.

பொருத்துவதும் கழற்றுவதும் இதில் எளிமையானவை. ஆலையின் மேனிஃபோல்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கருவியும் குழாய்களும் முன்பக்கத்தில் கூடுதலாக வருகின்றன. காரை விற்கும் நாளில் தொகுப்பைத் தனியே விற்று, காரைப் பழைய நிலைக்குக் கொண்டு வர முடியும். எதிர்ப்பக்கத்தில், சில கருவிகளுக்குத் தனி எண்ணெய் உண்டு, அதை உரிய மைல்களில் மாற்றியாக வேண்டும். சில கருவிகள் எஞ்சின் எண்ணெயையே கடன் வாங்குகின்றன. பூஸ்ட் கூடக் கூடப் பெல்ட் வழுக்கும் பிரச்சினையும் தலை தூக்கும். இந்த வகைக்கு ஒரு மறைமுகத் தூண்டுதலும் உண்டு: திறன் முழுவதும் சிவப்புக் கோட்டருகே இருப்பதால், ஓட்டுநர் எஞ்சினை அடிக்கடி அங்கே கொண்டு போகிறார். அது எண்ணெய்ப் பம்புக்கு என்ன செய்கிறது என்பதைக் கீழே சொல்கிறேன்.

## டர்போ

பெல்ட்டுக்குப் பதிலாக வீணாகும் புகையின் ஆற்றலால் சுழல்வதால், ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் டர்போதான் அதிகத் திறன் தரும். இந்த எஞ்சினுக்கு இரட்டை டர்போ தொகுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் புகைக்குழாய் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும், புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் இடம் மாறும், முன்பகுதி முழுவதும் வெப்பக் கவசங்களால் நிறையும். 1,000 குதிரைத்திறனை நோக்கி, உள்பாகங்களையும் மாற்றி எஞ்சினை மறுபடி கட்டுபவருக்கு டர்போ சரி. ஆலையிலிருந்து வந்த எஞ்சினைத் திறக்காமல் சாலையில் ஓட்ட விரும்புபவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

## எதையும் பொருத்தாமல் விடுவது

இந்தத் தெரிவைப் பலர் தெரிவாகவே கருதுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். தடத்துக்குப் போகும் கார் என்றால், பல நேரங்களில் இதுவே சிறந்தது.

ஷெவர்லே கார்வெட்டின் இசட்06 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் அது 650 குதிரைத்திறன் கொண்ட சூப்பர்சார்ஜர் எஞ்சினோடு வந்தது. பந்தயத் தடத்தில் வெப்பம் மிகுந்து திறன் குறைகிறது என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். 2017 மாடலில் பெரிய காற்றுத்திறப்பு கொண்ட பானெட்டும் கருவிக்குப் புதிய மேல்மூடியும் கொடுக்கப்பட்டன. அடுத்த தலைமுறை இசட்06 2023இல் வந்தபோது சூப்பர்சார்ஜர் போயிருந்தது. காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் 5.5 லிட்டர் இயல்பு மூச்சு எஞ்சின், 8,600 சுற்றுகள், 670 குதிரைத்திறன். ஒரு பெரிய நிறுவனம், எல்லா வசதிகளோடும் உழைத்த பிறகு, தடத்துக்கான தன் காருக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. ஃபோர்டும் வளைவுகளுக்கென்றே விற்ற ஷெல்பி ஜிடி350 மாடலுக்கு 5.2 லிட்டர், 526 குதிரைத்திறன், 8,250 சுற்றுகள் கொண்ட இயல்பு மூச்சு எஞ்சினையே கொடுத்தது. வீட்டுக் கொட்டகையில் பொருத்தும் தொகுப்பு இவர்களின் அனுபவத்தை மீறிவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

வேகமாகும் கார் அதிக வேகத்தில் பிரேக்கும் போட வேண்டும். நேர்த்தடத்தின் முடிவில் 220 கிலோமீட்டரில் வந்த கார் இப்போது 240இல் வந்தால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 19 விழுக்காடு கூடுகிறது. அந்தப் பணத்தில் நல்ல பிரேக் பேடுகள், உயர்கொதிநிலைப் பிரேக் திரவம், எண்ணெய்க் குளிர்விப்பான், ஒட்டும் டயர்கள், தேர்ந்த பயிற்சியாளரோடு சில நாள்கள் என்று செலவிட்டால் சுற்று நேரம் நிச்சயமாகக் குறையும். முடுக்கம்தான் வேண்டும் என்றால் பின் அச்சின் கியர் விகிதத்தையும் பாருங்கள். 3.31 உள்ள காரில் 3.73 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் 13 விழுக்காடு கூடும், 3.15 உள்ள காரில் 18 விழுக்காடு. நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்று வேகமாகச் சுழலும் என்பதைத் தவிர எஞ்சினுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

## சூப்பர்சார்ஜரோடு பிறந்த காரை வாங்குவது

ஷெல்பி ஜிடி500 2020 முதல் 2022 வரை வந்தது: 5.2 லிட்டர், அதே 2.65 லிட்டர் டிவிஎஸ், 760 குதிரைத்திறன். ரௌஷ் தொகுப்பின் 750க்கும் இதற்கும் இடையில் பத்துதான் வேறுபாடு என்று தோன்றும். ஆனால் ஜிடி500 எஞ்சினின் அமுக்க விகிதம் 9.5:1, உங்கள் 2019 காரின் விகிதம் 12.0:1. இது ஃபோர்டுக்குப் புதிய பாடமும் அல்ல. 2003ஆம் ஆண்டின் மஸ்டாங் கோப்ராவில் ஈட்டன் கருவியைப் பொருத்தியபோதே அமுக்க விகிதத்தை 8.5:1க்கு இறக்கி, வார்ப்பிரும்பு பிளாக்கும் அடித்து வடிக்கப்பட்ட ராடுகளும் கொடுத்தார்கள், வெறும் 390 குதிரைத்திறனுக்காக. இரட்டை எரிபொருள் தெளிப்பும் நுட்பமான நாக்கிங் கட்டுப்பாடும் இன்று 12:1இல் பூஸ்ட்டைச் சாத்தியமாக்கியிருக்கின்றன என்பது உண்மை. ஆனால் மோசமான பெட்ரோலையோ பிசகிய ட்யூனையோ (எஞ்சின் கணினியின் அமைப்பையோ) பொறுத்துக்கொள்ளும் இடைவெளி இங்கே மெல்லியது.

கமாரோ இசட்எல்1 650, சேலஞ்சர் ஹெல்கேட் தொடக்கத்தில் 707 என்ற திறனோடு வந்தவை. மூன்றுமே இப்போது தயாரிப்பில் இல்லை, ஆகவே பழைய காரைத்தான் வாங்க முடியும். உங்கள் ஜிடியை விற்ற பணத்தோடு தொகுப்பு, பொருத்துகூலி, கிளட்ச், டயர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு இசட்எல்1 விலையைப் பாருங்கள். வேறுபாடு நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும் வாய்ப்பு உண்டு.

| | இரட்டை உருளி | மையவிலக்கு | இயல்பு மூச்சு |
|---|---|---|---|
| நகர ஓட்டம் | மிகச் சிறப்பு | பழைய காரைப் போலவே | பின் அச்சு விகிதத்தை மாற்றினால் நன்று |
| 20 நிமிடத் தட ஓட்டம் | வெப்பம் ஊறும் | ஓரளவு தாங்கும் | சிறப்பு |
| ராடு, கிளட்ச் மீதான சுமை | அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| கழற்றும் வசதி | கடினம் | எளிது | தேவையில்லை |
| வாரண்டியோடு கிடைப்பது | சில தொகுப்புகளில் உண்டு | குறைவு | ஆலையின் வாரண்டியே |

## பெட்டிக்குள் வராத செலவுகள்

எண்ணெய்ப் பம்பின் பற்சக்கரங்களிலிருந்து தொடங்குகிறேன். இந்த எஞ்சினில் பம்பு கிராங்க் தண்டின் முனையிலேயே சுழல்கிறது. அதன் உள் சக்கரம் தூள் உலோகத்தால் ஆனது. உச்சச் சுழல்வேகத்தைத் தாண்டவிடாத ரெவ் லிமிட்டரில் எஞ்சின் வெட்டி வெட்டி நிற்கும்போது கிராங்க் தண்டில் உண்டாகும் முறுக்கதிர்வு அந்தச் சக்கரத்தை உடைத்துவிடக்கூடும். உடைந்தால் எண்ணெய் அழுத்தம் நொடியில் பூஜ்யமாகும், பேரிங்குகள் போகும், எஞ்சினே போகும். எஃகில் கடைந்த சக்கரங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றின் விலை சிறியது, எஞ்சினின் முன்மூடியைக் கழற்றும் கூலிதான் பெரியது. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் தொகுப்புக்கு முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு இந்தக் கூலியை மிச்சம் பிடித்தார். நேர்கோட்டுப் பந்தயத் தடத்தில் ஒரு மாலை கியர் விழாமல் எஞ்சின் லிமிட்டரில் மோதியது. அந்தக் கார் லாரியில்தான் வீடு திரும்பியது. மையவிலக்கு வகையைத் தேர்ந்தெடுப்பவர் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

கைக்கியர் காரில் கிளட்ச் நிச்சயம் மாற்ற வேண்டும். 10 வேக ஆட்டோமேட்டிக் இந்த விசையை மிக நன்றாகவே தாங்குகிறது. ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்த வகைக்கு மாற வேண்டும், அதன் இடைவெளியும் குறைய வேண்டும். பின் டயர்கள் விரைவில் தேயும். காப்பீட்டு நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நேரத்தில் அதுவே பெரிய செலவாகிவிடும்.

எரிபொருள் விஷயத்தில் நீங்கள் இருக்கும் இடமே முடிவு செய்கிறது. டெக்சஸில் 93 ஆக்டேன் பரவலாகக் கிடைக்கிறது. கலிஃபோர்னியாவில் பொதுவாக 91தான் உச்சம். அந்த இரண்டு எண் வேறுபாட்டுக்காகவே ட்யூன் வேறாகும், திறனும் குறையும். எத்தனால் கலந்த ஈ85 நாக்கிங்கை நன்றாக எதிர்க்கும். ஆனால் ஏறத்தாழ 30 விழுக்காடு அதிகக் கனஅளவு எரிபொருளைத் தெளிக்க வேண்டும் என்பதால் பம்பும் இன்ஜெக்டர்களும் பெரிதாக வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் கிடைக்கும் ஈ85இல் எத்தனால் அளவு பருவத்துக்கு ஏற்ப 51இலிருந்து 83 விழுக்காடு வரை மாறலாம் என்பதால், அதை அளக்கும் உணர்கருவி இல்லாமல் அதற்கென்று ட்யூன் செய்யக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, கலிஃபோர்னியாவில் ஒரு தொகுப்பு அந்த மாநிலக் காற்று வள வாரியத்தின் அனுமதி ஆணை எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். அந்த எண் உங்கள் காரின் ஆண்டையும் எஞ்சினையும் குறிப்பிட்டே உள்ளடக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் புகைப் பரிசோதனையின் கண் சோதனையிலேயே கார் தோற்றுவிடும். வாரண்டிக்கு 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் ஓரளவு பாதுகாப்பு தருகிறது: வேறு நிறுவனத்தின் பாகத்தைப் பொருத்தியதற்காக மட்டுமே முழு வாரண்டியையும் மறுக்க முடியாது. ஆனால் பூஸ்ட்டில் ஓடிய எஞ்சினின் பிஸ்டன் உடைந்தால், அந்தப் பாகமே காரணம் என்று காட்டுவது நிறுவனத்துக்குக் கடினமாக இருக்காது. கதவின் கண்ணாடி இறங்காததற்கு இந்தச் சட்டம் துணை நிற்கும்; பிஸ்டனுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

எஞ்சினின் வயதும் ஒரு செலவே. 2011 முதல் 2014 வரையிலான எஞ்சின்களில் நிறைய மைல்கள் ஓடியிருக்கும். அவற்றுக்கு மிதமான பூஸ்ட்டைத் தாண்டி நான் போக மாட்டேன். 2024 முதல் வந்த தலைமுறையில் எஞ்சின் கணினியின் பூட்டு இறுக்கமாகிவிட்டதால், அனுமதி பெற்ற ட்யூனோடு வரும் தொகுப்பைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

## அந்த இரண்டு வாசகர்களுக்கு

டாலஸ் வாசகர் இரட்டை உருளி வகையை, அதுவும் வாரண்டியோடு வரும் தொகுப்பை, வாங்கலாம் என்பதே என் பரிந்துரை. ஆட்டோமேட்டிக் கியர், 93 ஆக்டேன், குறுகிய முடுக்கங்கள், அன்றாட நெடுஞ்சாலை என எல்லாமே அந்த வகைக்கு ஏற்ற சூழல். கருவியின் பெல்ட் ஓடும் புல்லியைச் சிறியதாக்கி இன்னும் 50 குதிரைத்திறன் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தொகுப்போடு வந்த ட்யூனில், வந்த பூஸ்ட்டில் விடுங்கள். பொருத்திய முதல் கோடையில் உள்வரும் காற்றின் வெப்பத்தையும் தீப்பொறி நேரப் பின்தள்ளலையும் பதிவு செய்து பாருங்கள். மதிய வெயிலில், போக்குவரத்தில் நின்று கிளம்பிய உடன் எடுத்த பதிவே உங்கள் காரின் உண்மையான நிலையைக் காட்டும்.

சான் ஹோசே வாசகருக்கு, இந்த ஆண்டு எதையும் பொருத்த வேண்டாம் என்றே சொல்வேன். 91 ஆக்டேன், நீண்ட தட ஓட்டம், கைக்கியர் கிளட்ச், புகைப் பரிசோதனை ஆகிய நான்கும் எதிரே நிற்கின்றன. எண்ணெய்க் குளிர்விப்பான், பிரேக், டயர் ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகும் நேர்த்தடத்தில் மற்றவர்கள் உங்களை முந்திச் செல்வது உறுத்தினால், அனுமதி ஆணை எண் பெற்ற, காற்றாலேயே குளிர்விக்கும் மையவிலக்குத் தொகுப்பை மிதமான பூஸ்ட்டில் பாருங்கள். அதற்குப் பணம் கட்டும் முன் எட்டு சிலிண்டர்களிலும் அமுக்க அழுத்தத்தையும் காற்றுக் கசிவையும் சோதித்து, எண்களை எழுதி வாங்குங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற ஏழிலிருந்து தெளிவாக விலகி நின்றால், அந்தப் பணம் முதலில் எஞ்சினுக்கே போக வேண்டும்.